புருவம் ஒருவர், முகம் ஒருவர்

1616 ஆகஸ்டு. அஜ்மீரில் தங்கியிருந்த முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கும் இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோவுக்கும் ஒரு பந்தயம். தன்னிடமிருந்த சிறிய ஓவியம் ஒன்றை ரோ காட்டினார். அதற்கு ஈடாக வரைய இங்கே ஆள் உண்டா என்று அவருக்குச் சந்தேகம். என் ஓவியர் படி எடுத்துத் தருவார், உமது படம் எதுவென்று உமக்கே தெரியாது என்றார் பாதுஷா. பிறகு ஓர் இரவில் தூதரை அழைத்து ஆறு படங்களைச் சேர்த்து வைத்துக் காட்டினார்கள். ஒன்று அசல், ஐந்து படி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரோ திணறித்தான் போனார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டாலும், பார்த்தவுடன் பிடிபடவில்லை என்பதைத் தன் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பாதுஷாவுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஜெய்ப்பூர் பழைய நகரத்துச் சந்து ஒன்றில் முகலாய உருவப்படங்களைப் படி எடுத்தே தலை நரைத்துப்போன ஓவியர் ஒருவர் இருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டதும் அவருக்கு முதலில் தோன்றிய கேள்வி, “ராத்திரியில் எதற்குக் காட்டினார்கள்?” என்பதுதான். மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். தூரிகை நுனியின் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். படி எடுப்பவனுக்கு மெழுகுவர்த்தியைப் போல நண்பன் கிடையாது என்று சொல்லிச் சிரிக்கிறார். தன் பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அதற்கான காரணம் பின்னால் வரும்.

பையனாக இருந்தபோது உஸ்தாதிடம் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்தவுடன் யாரும் தூரிகையைக் கையில் கொடுத்துவிடவில்லை. வண்ணம் அரைப்பது, காகிதம் ஒட்டுவது, ஒட்டிய காகிதத்தைக் கல்லால் தேய்ப்பது, இவைதான் வேலை. சாங்கானேரில் காக்ஸி குடும்பத்தார் செய்யும் கைக்காகிதம் வரும். அதை மூன்று நான்கு அடுக்காக மாவுப் பசையில் ஒட்டினால் வஸ்லி என்ற அட்டை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். காய்ந்த பிறகு ஹகீக் கல்லால் தேய்க்கத் தேய்க்க, கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடும். முகலாய ஓவியத்தின் பளபளப்பை வண்ணத்தின் மகிமை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதி, வண்ணம் தொடுவதற்கு முன்பே காகிதத்தில் ஏறிவிட்டது.

தூரிகைக்கு அணில் வால் மயிர். அதைக் கட்டிப் புறாவின் இறகுத் தண்டில் செருகுவார்கள். முனையில் லேசான வளைவு இருக்க வேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் கண் இமையை ஒரே இழுப்பில் போட முடியாது. ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைகிறார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வியாபாரப் பேச்சு. ஒற்றை மயிரில் வண்ணமே நிற்காது. கட்டு நிறைய மயிர் இருக்கும். காகிதத்தைத் தொடும் நுனிதான் ஒற்றை மயிர் அளவு.

வண்ணங்களின் பட்டியல் நீளமானது. பதக்ஷானிலிருந்து வந்த லாஜ்வர்த் கல் நீலம், தாளக மஞ்சள், சாதிலிங்கச் சிவப்பு, அவுரி, காவி, விளக்குக் கரி. எல்லாமே பிசின் கலந்துதான். தங்கமும் அப்படியே: தகட்டை உப்போடு தேய்த்துப் பொடியாக்கி, கழுவி, பிசினில் கரைத்துக்கொள்ள வேண்டும். தூரிகை நுனியை நாக்கில் தொட்டுக் கூராக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் பலருக்கு உண்டு. தாளகத்தில் ஆர்சனிக், சாதிலிங்கத்தில் பாதரசம், பழைய வெள்ளையில் ஈயம். இவருடைய உஸ்தாத் அந்தப் பழக்கத்தைக் கண்டால் கையில் அடிப்பாராம். அந்த அடி வாங்கியதற்கு இவர் இன்றும் நன்றி சொல்கிறார்.

ஓவியம் தொடங்குவது படியில்தான். பழைய முகத்தின் மீது மெல்லிய ஒளி ஊடுருவும் தோலையோ தாளையோ வைத்துக் கோடுகளை எடுத்துக்கொள்வார்கள். கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, புதுக் காகிதத்தில் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் ஒற்றினால், நம் ஊர்க் கோல அச்சில் மாவு இறங்குவதுபோல உருவம் புள்ளி புள்ளியாக இறங்கும். காக்கா எனப்படும் இந்தத் துளைத் தாள்கள்தான் பட்டறையின் சொத்து. ஒரு அமீரின் முகத்தை நேரில் பார்த்து ஒருமுறை எடுத்துவிட்டால் போதும். அவர் தனியாக நிற்கும் படத்துக்கும் அதே முகம், தர்பாரில் நூறு பேரோடு நிற்கும் படத்துக்கும் அதே முகம். இங்கிலாந்தின் வின்ட்சரில் இருக்கும், ஷாஜஹானின் ஆட்சி வரலாறான பாதுஷாநாமாவின் 44 ஓவியங்களைப் பார்த்தால், கூட்டத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தனி மூக்கு, தனித் தாடி. அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்து யாரும் வரைந்திருக்க முடியாது.

ஆகவே முகலாய ஓவியத்தில் படி எடுப்பதை இழிவாகப் பார்த்தால் அந்த ஓவியமே மிஞ்சாது. ஜஹாங்கீரின் தலைசிறந்த ஓவியர் அபுல் ஹஸன், 1600 வாக்கில், இன்னும் சிறுவனாக இருந்தபோது, ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் அச்சுப் படத்திலிருந்து புனித யோவானைப் படி எடுத்தார். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1618-இல் அவருக்கு ‘நாதிர் உஸ் ஸமான்’ பட்டம் கிடைத்தது. தொடங்கியது படியில்.

ஒரே படத்தில் பல கைகள் வேலை செய்வதும் அப்போது வழக்கம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அக்பர்நாமா ஓவியங்களின் கீழ் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அமைப்பு இன்னார், வண்ண வேலை இன்னார் என்று நூலக எழுத்தர்கள் பொடி எழுத்தில் குறித்திருக்கிறார்கள். சிலவற்றில் முகம் மட்டும் வரைந்தவரின் பெயர் தனியாக. பசாவனைப் போன்ற பெரிய கை அமைப்பைப் போடும், இளையவர் நிரப்புவார், முகத்துக்கென்றே தேர்ந்த ஒருவர் வந்து முடிப்பார். வாரந்தோறும் ஓவியங்கள் அக்பரின் பார்வைக்குப் போகும், வேலைக்குத் தக்கபடி வெகுமதியும் சம்பள உயர்வும் கிடைக்கும் என்று அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார். இந்தக் குறிப்புகள் இருந்தது எதற்கு என்று கேட்டால், ஓவியரின் புகழுக்காக என்று கலை விமர்சகர்கள் சொல்லக்கூடும். ஜெய்ப்பூர் ஓவியருக்கு அதில் சந்தேகம். “அது கூலிக் கணக்கு” என்கிறார். இரண்டுமாக இருக்கலாம்.

ஜஹாங்கீருக்கு அந்தக் குறிப்புகளே தேவைப்படவில்லையாம். ஒரு முகத்தில் கண்ணும் புருவமும் வேறொருவர் வரைந்ததாக இருந்தால், முகம் யார் கை, புருவம் யார் கை என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியும் என்று நினைவுக் குறிப்பில் பெருமை பேசியிருக்கிறார். பாதுஷாக்கள் அளப்பது வழக்கம்தான். ஆனால் இது அளப்பு இல்லை என்கிறார் நம்மவர். அவருடைய பட்டறையில் சேர்ந்து வேலை பார்த்தவர்களின் கைகளை இவராலும் பிரிக்க முடியும். ஒருவர் இமையை வெளியிலிருந்து உள்ளே இழுப்பார், இன்னொருவர் உள்ளிருந்து வெளியே. பர்தாஸ் எனப்படும் நுண்புள்ளி நிழலை ஒருவர் நிற்கும் கோடுகளாகப் போடுவார், இன்னொருவர் படுத்த கோடுகளாக. கன்னத்தில் பூதக்கண்ணாடி வைத்தால் கையெழுத்து தெரிந்துவிடும்.

முகம் கடைசியில்தான் வரும். முதலில் காவிக் கோடு, அதன் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு, அதற்கடியில் மங்கலாகத் தெரியும் கோட்டின் மேல் மறுபடி திருத்திய கோடு. பிறகு வண்ணம், அடுக்கடுக்காக. நடுநடுவே ஓவியத்தைக் குப்புறப் போட்டுப் பின்பக்கம் கல்லால் தேய்க்க வேண்டும். வண்ணம் காகிதத்தோடு ஒன்றாகப் படிந்துவிடும். மஸ்லினில் ஜாமா என்ற மேலங்கி போட்டவரானால் முதலில் உடம்பை முழுதாக வரைந்து, அதன்மேல் நீர்த்த வெள்ளையை விட்டு, மடிப்பு விழும் இடத்தில் மட்டும் கெட்டிப்படுத்த வேண்டும். முத்துக்கு வெள்ளையைத் துளியாக வைத்தால் காய்ந்தபின் அது மேடாகவே நிற்கும். விரல் வைத்தால் தட்டுப்படும். வைக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

படி எடுப்பவனுக்குத் தெரிய வேண்டியது கோடு மட்டும் இல்லை. முகலாய தர்பாரில் முஸ்லிம்கள் ஜாமாவை வலப்பக்கமும் இந்துக்கள் இடப்பக்கமும் முடிச்சுப் போட்டார்கள். காக்காத் தாளைத் திருப்பி வைத்து ஒற்றினால் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறும். முடிச்சும் பக்கம் மாறிவிடும். ராஜா மான்சிங்கை முஸ்லிமாக்கிய படங்கள் கடைகளில் தொங்குவதைப் பார்த்தால் இவருக்குச் சிரிப்பு வரும். ஜஹாங்கீரின் காதிலும் அப்படி ஒரு பொறி இருக்கிறது. 1614-இல் நோயிலிருந்து மீண்டதும், அஜ்மீர் க்வாஜா முயினுத்தீன் சிஷ்தியின் மீதான பக்தியால் அவர் காது குத்திக்கொண்டார். அதைப் பார்த்து தர்பாரே குத்திக்கொண்டது. ஆகவே பட்டம் ஏறுமுன் சலீமாக இருந்த இளைஞன் ஜஹாங்கீரின் காதில் முத்து தொங்கினால், வரைந்தவனுக்கு வரலாறு தெரியாது.

இவர் படி எடுத்தவற்றில் மறக்க முடியாதது எது என்றால், தயங்காமல் இனாயத் கான் என்கிறார். ஜஹாங்கீரின் அணுக்க ஊழியர். அபினும் மதுவும் சேர்ந்து அரித்துவிட்டன. 1618-இல் ஆக்ராவுக்குத் திரும்ப விடைகேட்டு வந்தபோது பல்லக்கில்தான் தூக்கிவந்தார்கள். எலும்பின் மேல் தோல் போர்த்திய உருவத்தைப் பார்த்து பாதுஷா திகைத்துப்போனார். வழிச் செலவுக்கு 2,000 ரூபாய் கொடுத்தார். கூடவே, ஓவியர்களை அழைத்து இதை வரையுங்கள் என்றும் ஆணையிட்டார். மறுநாள் இனாயத் கான் இறந்துபோனார். கோட்டோவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வண்ண ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில்.

சாகிற மனிதனை வரையச் சொன்னது கொடுமையா, அறிவியலா என்று எழுதியவர்கள் பலர். ஓவியர் பார்ப்பது வேறு. வண்ண ஓவியத்தில் திண்டுகளும் தலையணைகளும் பெரிது பெரிதாக வந்து மனிதனைத் தாங்கிக்கொள்கின்றன. பின்னணி அவருக்கு ஓர் அறையைத் தருகிறது. கோட்டோவியத்தில் வண்ணத்தின் உதவி இல்லை. விலா எலும்பு ஒவ்வொன்றுக்கும் ஒரே கோடு. அதிலும் தடித்து மெலியும் ஒரே இழுப்பு. தடுமாறினால் மேலே பூசி மறைக்க வண்ணம் கிடையாது. இரண்டையும் அச்சுப் பிரதியிலிருந்து படி எடுத்த பிறகு, பாஸ்டனில் இருப்பதே மேல் என்பது அவர் தீர்ப்பு. இரண்டையும் பார்ப்பவர்களில் பலர் அவரோடு உடன்படுவார்கள்.

வேலை நடந்த இடத்தைவிட்டு ஓவியரை அனுப்பிய கதையும் உண்டு. ஈரானின் ஷா அப்பாஸ் எப்படி இருப்பார் என்று ஜஹாங்கீருக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1613-இல் கான் ஆலம் தலைமையில் போன தூதுக் குழுவோடு பிஷன்தாஸையும் அனுப்பிவைத்தார். திரும்பி வந்தவருக்கு ஒரு யானை பரிசு. இந்தக் கதையைச் சொல்லும்போது, “எங்களுக்கு யானை வேண்டாம், வாடகை கொடுத்தால் போதும்” என்பது ஜெய்ப்பூர்க்காரர்களின் வழக்கமான பின்குறிப்பு.

படம் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஆல்பம் ஏட்டைப் பார்க்காதவர்கள். முகலாயர் இந்தச் சிறிய உருவப்படங்களைப் பொதுவாகச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியதில்லை. முரக்கா என்ற ஆல்பத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். விரித்தால் எதிரெதிராக இரண்டு உருவங்கள். ஏட்டைப் புரட்டினால் எதிரெதிராக இரண்டு எழுத்தணிகள், பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில் ஹெராத்திலும் புகாராவிலும் எழுதிய மீர் அலியின் கை. அதாவது ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு பக்கம் முகம், மறுபக்கம் எழுத்து. படத்தைச் சுற்றிப் பூங்கொடி ஓரம், பூக்கள் பெரும்பாலும் தங்கத்தில். ஓவியர் ஒருவர், ஓரம் போடுபவர் வேறொருவர், பொன் பூசுபவர் இன்னொருவர், ஒட்டித் தைப்பவர் மற்றொருவர்.

படத்தின் விளிம்பைச் சீவி மெலிதாக்கி ஓரக் காகிதத்தோடு ஒட்டுவார்கள். ஒட்டு தெரியாமலிருக்க அதன் மேல் ஓடுகிறது ஜத்வல், தங்கமும் நீலமும் சிவப்புமான இணைகோடுகள். இவருடைய உஸ்தாத் முகத்தில் தப்பு விட்டால் மன்னிப்பாராம், ஜத்வல் கோணினால் சாப்பாடு கிடையாது. ஷாஜஹானின் பிற்கால ஆல்பம் ஒன்றில் பூவுக்குப் பதில் ஓரத்தில் ஆட்களே நிற்கிறார்கள்: நடுவில் இருப்பவருக்குப் பொருத்தமான வீரர்களோ பணியாளர்களோ. அதற்கும் முன்னே, ஜஹாங்கீரின் குல்ஷன் ஆல்பத்தின் ஓரத்தில் தௌலத் என்பவர் தன் சக ஓவியர்களையே வரைந்துவைத்தார். அபுல் ஹஸன், மனோகர், பிஷன்தாஸ், கோவர்தன், கூடவே தானும். பாதுஷாவின் ஆல்பத்தில் ஓவியனுக்குக் கிடைத்த இடம் ஓரம்தான். ஆனாலும் கிடைத்தது.

பிசித்திர் இதைவிடத் துணிச்சல்காரர். ஜஹாங்கீர் உலக மன்னர்களை ஒதுக்கிவிட்டு ஒரு சூஃபிக்கு நூலைக் கொடுக்கும் புகழ்பெற்ற படத்தில், இங்கிலாந்து அரசர் ஜேம்ஸுக்கும் கீழே இடது மூலையில், கையில் ஒரு படத்தோடு தன்னையும் நிறுத்திக்கொண்டார். பெயரை எழுதியதோ பாதுஷா கால் வைத்து ஏறும் பாதப்பலகையில். பணிவைக் காட்டுவதுபோல் காட்டி, யாரும் மறக்க முடியாத இடத்தில் கையெழுத்துப் போட்ட தந்திரம்.

அந்த ஏடு இப்போது வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில். 1739-இல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடி அள்ளிச் சென்ற ஓவியங்கள் ஈரானில் புது ஓரம், புது எழுத்தணி பெற்று மறுபடி ஆல்பங்களாயின. அவற்றில் ஒன்று ரஷ்யாவுக்குப் போய் பீட்டர்ஸ்பர்க் ஆல்பம் என்று பெயர் பெற்றது. பிசித்திரின் ஏடு அதிலிருந்து பிரிந்தது. குல்ஷன் ஆல்பத்தின் பெரும்பகுதி டெஹ்ரான் குலிஸ்தான் அரண்மனையில். ஆம்ஸ்டர்டாமில் 1650களின் பிற்பகுதியில் ரெம்பிராண்ட் முகலாயப் படங்களைப் பார்த்து ஆசியக் காகிதத்தில் படி எடுத்தார்; இருபதுக்கும் மேற்பட்டவை தப்பியிருக்கின்றன. வியன்னாவிலோ ஷோன்ப்ருன் அரண்மனையின் அறை ஒன்றில் முகலாய நுண்ணோவியங்களைக் கத்தரித்து ஒட்டிச் சுவரை அலங்கரித்துவிட்டார்கள். ஒருவர் உட்கார்ந்து படி எடுத்தார், இன்னொருவர் கத்தரி எடுத்தார். இவற்றில் எதை மரியாதை என்பது என்று நம் ஓவியருக்குக் குழப்பமே இல்லை. ஷாஜஹானின் மகன் தாரா ஷுகோ தன் மனைவி நாதிரா பானுவுக்குக் கொடுத்த ஆல்பம் மட்டும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. வெனிஸ்காரர் நிக்கோலோ மனுச்சி, முகலாயப் பணியிலிருந்து விலகி 1686-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வருவதற்கு முன், ஔரங்கசீப்பின் மகன் ஷா ஆலமின் வீட்டு ஓவியரான தன் நண்பர் மீர் முஹம்மதிடம் சொல்லி, தைமூர் வழி மன்னர்கள், இளவரசர்களின் உருவங்களை அரண்மனை அசல்களிலிருந்து படி எடுத்து வைத்துக்கொண்டார். தன் வரலாற்று நூலோடு அவற்றைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். அந்தத் தொகுப்பு பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பரங்கிமலையில் வாழ்ந்த இந்த மனிதரின் பெட்டியில் ஔரங்கசீப்பின் முகம் இருந்தது.

படி எடுப்பது எப்போது மோசடியாகிறது? 1929-இல் லண்டன் சாதபி ஏலத்துக்கு வந்த கெவோர்கியன் ஆல்பத்தின் 50 ஏடுகளில் 41 இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டனில், 9 ஃப்ரீயரில். ஷாஜஹான் காலத்து ஏடுகளோடு அதில் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எடுத்த படிகளும் கலந்திருக்கின்றன. அவற்றை வரைந்தவர்களைக் குற்றம் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. பூங்கொடி ஓரம் முதல் ஜத்வல் வரை சிரத்தையாகச் செய்திருக்கிறார்கள். கூலிக்கு வரைந்தவன் என்ன விலைக்கு, என்ன பெயரில் விற்கிறார்கள் என்று கேட்டிருக்க மாட்டான்.

தன் கதையும் அதுவே என்கிறார். பழைய சமஸ்தான முத்திரைத்தாள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். உருது எழுத்தும் முத்திரையும் இருப்பதால் அதில் வரைந்தால் புதுப் படத்துக்கும் வயது கூடிவிடும். தேநீரில் நனைத்தால் இன்னும் கூடும். இளம் வயதில் இவரும் அப்படி வரைந்து கொடுத்திருக்கிறார், நினைவுப் பொருள் என்ற நினைப்பில். பிறகு ஒருநாள் பெரிய கடை ஒன்றின் கண்ணாடி அலமாரியில், தான் வரைந்த ஷாஜஹான் ‘200 ஆண்டுப் பழமை’ என்ற சீட்டோடு நிற்பதைப் பார்த்தார். கடைக்காரரிடம் கேட்டதற்கு, உனக்குக் கூலி வந்ததா இல்லையா என்று பதில். பெயரைப் போட வேண்டாம் என்பது அதனால்தான். எந்தெந்த வீட்டில் எந்தெந்தப் பெயரில் தன் படங்கள் தொங்குகின்றனவோ, அதற்கெல்லாம் தன்னைத் தேடி வருவார்கள் என்ற பயம்.

இப்போது முத்திரைத்தாளை அவர் தொடுவதில்லை. புது வஸ்லிதான், பின்பக்கம் தன் பெயர், தேதி, எந்த அருங்காட்சியகத்து எந்தப் படத்தின் படி என்ற குறிப்பு. விலை குறைந்துவிட்டது. வேலை குறையவில்லை.

ஜெய்ப்பூரிலோ உதய்பூரிலோ நுண்ணோவியம் வாங்கப் போகிறவர்களுக்கு அவர் சொல்லியனுப்பிய செய்தி இது. பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோய்க் கன்னத்தையும் விரல் நகத்தையும் பாருங்கள்; புள்ளி இல்லாமல் வண்ணம் தேய்த்துவிட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். பழையது என்று சொன்னால் இரட்டிப்பாகச் சந்தேகப்படுங்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியாள் யாரும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவே முடியாது. புதியது என்று ஒப்புக்கொண்டு நல்ல வேலையைக் காட்டுபவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள், பின்பக்கத்தில் வரைந்தவரின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.